மகளுக்கு அந்தோனியா எண்டு பேர் வைக்கப் போறம், அந்தப் பேருக்கு உண்மையில என்ன அர்த்தம்?

ஹம்டன்லேன்_பிள்ளை எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். எங்கட வீடு வெள்ளவத்தை, நான் சைவம். அவர் கொட்டாஞ்சேனை, கத்தோலிக்க ஆக்கள். போன மாசம் எங்களுக்கு மகள் பிறந்திருக்கிறா. கார்த்திகை நட்சத்திரம், சாத்திரியார் அ, இ, உ, எ இந்த நாலு எழுத்தில ஒண்டில தொடங்கிற மாதிரி பேர் வைக்கச் சொன்னவர்.

அவற்ற அம்மா, நான் பிள்ளை வயித்தில இருக்கேக்க கொஞ்சம் கஷ்டப்பட்ட நேரம் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நேர்த்தி வச்சவ, பெடியன் எண்டா அன்ரனி, பெட்டை எண்டா அந்தோனியா எண்டு. எழுத்தும் அ-விலயே வந்திட்டுது, எனக்கும் பேர் பிடிச்சிருக்கு, மாமிக்கும் சந்தோசம், எல்லாம் சரியா வந்திருக்கு. எங்கட அப்பா மட்டும் ஒரு விசயம் கேக்கிறார். அவர் வேண்டாம் எண்டு சொல்லேல்ல, "வையுங்கோ பிள்ளை, ஆனா அந்தப் பேருக்கு என்ன பொருள் எண்டு எனக்குச் சொல்லிப்போட்டு வையுங்கோ" எண்டு சொல்றார். அவர் எங்கள் எல்லாருக்கும் பேர் வைக்கேக்க அகராதி எடுத்து வச்சுப் பார்த்து வச்ச ஆள், அதால அவர் கேக்கிறது எனக்கு நியாயமாத்தான் படுது.

நெட்டில தேடினா ஒரு இடத்தில "விலை மதிக்க முடியாதவள்" எண்டு இருக்கு, இன்னொண்டில "பூ" எண்டு இருக்கு, மற்றதில "புகழுக்குரியவள்" எண்டு. மூண்டும் மூண்டு மாதிரி. ஒரு பேருக்கு எப்பிடி ஒண்டுக்கொண்டு சம்பந்தமே இல்லாத மூண்டு அர்த்தம் வரும்? இதுக்குள்ள தம்பி வேற, ரோமத் தளபதி மார்க் அன்ரனி தோத்துப்போய் தற்கொலை செய்த ஆள்தானே, அந்தப் பேரா எண்டு கேட்டுட்டான், அது அம்மாவின்ர காதில விழுந்திட்டுது.

அந்தோனியா எண்டது முந்தியே இருந்த பேரா, இல்லாட்டி அந்தோனிக்கு ஒரு "யா" போட்டுப் பிறகு ஆரும் உண்டாக்கினதா எண்டும் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ. பதிவுக்குக் குடுக்க முன்னம் அப்பாவுக்கு நேர்மையா ஒரு பதில் சொல்லோணும்.


ஜம்பட்டா_கொழும்பு13 எழுதியது:

முதல்ல வாழ்த்துக்கள் தங்கச்சி, தாயும் பிள்ளையும் நல்லா இருக்கோணும்.

நான் கொச்சிக்கடைப் பக்கம்தான், எங்க வீட்டுல மட்டும் மூணு பேருக்கு இந்தப் பேர். தாத்தா அந்தோனிப்பிள்ளை, மாமா ஆன்டன், அக்கா ஆன்டனெட். சின்ன வயசுல இது எல்லாம் ஒரே பேர் என்டே எனக்குத் தெரியாது.

அர்த்தம் என்ன என்டு எனக்குச் சொல்ல வராது, ஆனா மாமி ஏன் இந்தப் பேரைச் சொன்னாங்க என்டு சொல்லலாம். டச்சுக்காரன் காலத்துல, 1656ல இருந்து 1796 வரைக்கும் கொழும்பு அவங்க கையில இருந்தது, கத்தோலிக்கப் பூசையை அவங்க தடை செஞ்சு வச்சிருந்தாங்க, சாமியார்மாரு ஒளிஞ்சுதான் திரிஞ்சாங்க. அப்படி ஒளிஞ்சு திரிஞ்ச ஒரு சாமியார் அந்தோனியோ என்டவரு முகத்துவாரம் பக்கம் வந்தப்ப, கடல் வந்து கரையைத் தின்னுது, நீங்க செபம் பண்ணி நிப்பாட்டினா உங்களைக் காட்டிக் குடுக்க மாட்டோம் என்டு மீன்பிடிக்கிற சனம் சொன்னதாம். அவரு மணல்ல சிலுவையை நட்டு செபம் பண்ணினாராம், கடல் பின்வாங்கிச்சாம். பிறகு டச்சுக்காரங்களே அவருக்கு அந்த இடத்தைக் குடுத்தாங்க, அங்க மண்ணால ஒரு சின்னக் கோயில் கட்டி பதுவை அந்தோனியாருக்கு ஒப்புக்குடுத்தாரு என்டு எங்க கோயில்ல சொல்ற வரலாறு. இப்ப இருக்கிற பெரிய கோயில் வெள்ளைக்காரன் காலத்துல வந்தது, சுரூபம் கோவாவுல இருந்து வந்தது.

செவ்வாய்க்கிழமை நீங்க அங்க போயிருப்பீங்க, போகாட்டி ஒருக்கா போங்க. கத்தோலிக்க சனம் மட்டுமில்ல, சைவம், பௌத்தம், முஸ்லிம் ஆக்களும் மெழுகுதிரியோட நிப்பாங்க. ஏன் செவ்வாய்க்கிழமை என்டா அந்தோனியார் இறந்தது 1231 ஜூன் 13 வெள்ளிக்கிழமை, அடக்கம் செஞ்சது 17 செவ்வாய்க்கிழமை, அந்த நாளைத்தான் உலகம் முழுக்க அவருக்கு வச்சிருக்கிறாங்க. உங்க வீட்டுப் பக்கத்துல செவ்வாய் என்டா முருகனுக்கும் அம்மனுக்கும் உள்ள நாள்தானே, அதனாலயோ என்னமோ எங்க பக்கத்துல சைவ ஆக்களுக்கு அந்தக் கோயில் அந்நியமா இருந்ததே இல்ல.

2019 ஏப்ரல் 21 உயிர்ப்பு ஞாயிறு அன்னைக்கு அங்க குண்டு வெடிச்சது எல்லாருக்கும் தெரியும். அதுக்குப் பிறகு இந்தப் பேரை எங்க ஏரியாவுல பிள்ளைக்கு வைக்கிறப்ப ஒரு தனிப் பாசத்தோட வைக்கிறாங்க. உங்க மாமி நேர்த்தி வச்சதை அந்த இடத்துல இருந்து பாருங்க.


பழம்பேர்_தேடி எழுதியது:

தங்கச்சி, உங்கட அப்பாவின்ர கேள்வி நல்ல கேள்வி, அதுக்கு ஒழுங்கான பதில் சொல்லோணும் எண்டு ஆசைப்படுறன், கொஞ்சம் நீளும், பொறுமையா வாசியுங்கோ.

நீங்கள் கண்ட மூண்டு அர்த்தமும் பிழை. நேரடியா அதைச் சொல்லிப்போட்டுத் தொடங்கிறன். அந்தோனியுஸ் எண்டது ரோமில ஒரு குலத்தின்ர பேர். அந்தச் சொல் எங்க இருந்து வந்தது எண்டு லத்தீன் படிச்ச ஆக்களாலயே முடிவு சொல்லேலாம இருக்கு. ரோமருக்கு வடக்கில அவைக்கு முன்னமே வாழ்ந்த எத்ருஸ்கர் எண்ட சனத்தின்ர மொழியில இருந்து வந்திருக்கலாம் எண்டு கனபேர் நினைக்கினம், அந்த மொழியில எங்களுக்கு விளங்கிற சொல் கொஞ்சம்தான், அதால பொருள் கிடைக்கேல்ல.

"பூ" எண்டது எப்பிடி வந்தது எண்டா, கிரேக்கத்தில பூவுக்கு அந்தோஸ் எண்டு சொல்லுவினம். ஐரோப்பாவில கிரேக்கம் படிக்கிறது பெருமையா இருந்த காலத்தில, ஒலி கிட்டக்கிட்ட இருக்கிறதைப் பார்த்து இது அதில இருந்துதான் வந்திருக்கும் எண்டு முடிவு கட்டிப்போட்டினம். இங்கிலீசில அன்ரனியை எழுதேக்க நடுவில ஒரு எச் போடுறாங்களே, அது அந்த நினைப்பால உள்ள வந்த எழுத்துத்தான். முந்தி இங்கிலீசிலயும் எச் இல்ல. இங்கிலாந்தில இண்டைக்கும் கனபேர் அந்த எச்சை எழுதுவினம், ஆனா வாயால ட எண்டுதான் சொல்லுவினம். "விலை மதிக்க முடியாதது" எண்டதுக்கு லத்தீனில இந்தப் பேரோட ஒட்டுற மாதிரி ஒரு வேரும் இல்ல, பிள்ளைப் பேர்ப் புத்தகங்கள் ஒண்டைப் பார்த்து ஒண்டு எழுதி எழுதிப் பரவினது அது. "புகழுக்குரியவள்" எண்டதும் அப்பிடித்தான்.

அந்தக் குலத்து ஆக்களே தங்கட பேருக்கு ஒரு கதை வச்சிருந்தவை. ஹெர்குலிசுக்கு அன்ரன் எண்டு ஒரு மகன், அவன்ர வழியில வந்த ஆக்கள் நாங்கள் எண்டு சொல்லிக்கொண்டவை. புளூட்டார்க் எண்ட பழைய வரலாற்றாசிரியர் இதை எழுதி வச்சிருக்கிறார், மார்க் அன்ரனி அந்தக் கதைக்கு ஏத்த மாதிரி ஹெர்குலிஸ் போல உடுத்துக்கொண்டு திரிஞ்சவர் எண்டும் சொல்றார். குலப்பெருமைக்குச் சொன்ன கதை. ஆனா இதில இருந்து ஒண்டு தெரியுது, இரண்டாயிரம் வருசத்துக்கு முன்னமே அந்தப் பேரை வச்சிருந்த ஆக்களுக்கே அதின்ர சொற்பொருள் தெரியாம இருந்திருக்கு, தெரிஞ்சிருந்தா ஒரு மூதாதையைத் தேடிப் போயிருக்கத் தேவையில்லயே.

அந்தோனியா பிறகு உண்டாக்கினதா எண்டு கேட்டியள். இல்லவே இல்ல, அந்தோனியுஸ் எவ்வளவு பழசோ அந்தோனியாவும் அவ்வளவு பழசு. ரோம ஆம்பிளைக்கு வழக்கமா மூண்டு பேர். முதல்ல வீட்டில கூப்பிடுற பேர், மார்க்குஸ், லூசியுஸ், காயுஸ் எண்டு ஒரு கொஞ்சப் பேர்தான், அதுக்குள்ள ஒண்டு. நடுவில குலப்பேர். கடைசியில கிளைப்பேர். மார்க் அன்ரனிக்கு மார்க்குஸ் அந்தோனியுஸ், அதில அந்தோனியுஸ் குலப்பேர். பொம்பிளைப் பிள்ளைகளுக்குக் குலப்பேரையே பெண்பாலாக்கிக் கூப்பிட்டாங்கள். யூலியுஸ் குலத்து மகள் யூலியா, கிளாவுதியுஸ் குலத்து மகள் கிளாவுதியா, கெக்கிலியுஸ் குலத்து மகள் கெக்கிலியா, அதுதான் எங்கட சிசிலியா. அந்தோனியுஸ் குலத்து மகள் அந்தோனியா. ரெண்டு மகள் இருந்தா ரெண்டு பேருக்கும் அதே பேர்தான், மூத்தவள் இளையவள் எண்டு சொல்லிப் பிரிச்சுக் கூப்பிட்டவை.

மார்க் அன்ரனிக்கும் ஒக்டேவியாவுக்கும் பிறந்த ரெண்டு மகள்மாரும் அப்பிடித்தான், ரெண்டு பேரும் அந்தோனியா. இளைய அந்தோனியாவைப் பற்றி உங்கட அம்மாவுக்குச் சொல்லுங்கோ. கி.மு. 36ல பிறந்து கி.பி. 37 வரை இருந்தவ. தகப்பன் எகிப்தில கிளியோபாட்ராவோட இருந்திட்டார், இவ ரோமில தாயோட வளர்ந்தவ. புருசன் துரூசுஸ் கி.மு. 9ல ஜெர்மனிப் பக்கம் போரில நிக்கேக்க குதிரையில இருந்து விழுந்து செத்துப்போனார். மறுகலியாணம் செய் எண்டு பேரரசர் அகுஸ்துவே சொல்லியும் இவ செய்யேல்ல, பிள்ளைகளை வளர்த்தவ. மகன் கிளாவுதியுஸ் பேரரசர் ஆனவர், பேரன் கலிகுலாவும் பேரரசர். கி.பி. 31ல செயானுஸ் எண்ட ஆள் பேரரசருக்கு எதிராச் சதி செய்யிறான் எண்டு கடிதம் எழுதி திபேரியுசை எச்சரிச்சது இவதான் எண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்புஸ் எழுதியிருக்கிறார். அவ்வளவு மதிப்போட இருந்த ஒரு மனுசி. இந்தப் பேரை வச்சிருந்த பொம்பிளையளில வரலாற்றில நல்லா அறியப்பட்ட ஆள் இவ.

தம்பி சொன்ன விசயத்துக்கும் வாறன். மார்க் அன்ரனி கி.மு. 30ல அலெக்சாந்திரியாவில தோத்துச் செத்தது உண்மை. ஆனா அந்த நேரம் ரோமில என்ன செய்தவை எண்டு பாருங்கோ. அவற்ற சிலைகளை இறக்கிப்போட்டு, இனி அந்தோனியுஸ் குலத்தில ஒருத்தனுக்கும் மார்க்குஸ் எண்டு பேர் வைக்கக் கூடாது எண்டு செனட் தீர்மானம் போட்டது. அந்த நேரம் கொன்சலா, அதாவது ரோமின்ர மேல்பதவியில, இருந்தது பேர்போன பேச்சாளர் சிசேரோவின்ர மகன், சிசேரோவைக் கொல்லுவிச்சதே மார்க் அன்ரனிதான். அவ்வளவு கோவத்திலயும் தடை செய்தது மார்க்குஸ் எண்டதை, அந்தோனியுஸ் எண்டதில ஆரும் கை வைக்கேல்ல. மார்க் அன்ரனியின்ர ஒரு மகன் யூலுஸ் அந்தோனியுஸ் கி.மு. 10ல கொன்சலா வந்தவர். பிறகு கி.பி. 138ல இருந்து 161 வரை ஆண்ட பேரரசர் அந்தோனினுஸ் பியுஸ், அவற்ற பேரும் இந்த வேர்தான், ரோம வரலாற்றில அமைதியா ஓடின காலங்களில அவற்ற காலம் ஒண்டு. அதால ராசி பற்றி அம்மா பயப்பிடத் தேவையில்ல.

இப்ப இந்தப் பேர் குலத்துக்கு வெளியில எப்பிடிப் போனது எண்டது எனக்கு மிகவும் பிடிச்ச பகுதி. ரோமில ஒரு அடிமையை விடுதலை செய்தா அவனுக்கு எசமானின்ர குலப்பேர் வரும். வெளியூர்க்காரனுக்குக் குடியுரிமை வாங்கிக் குடுத்தா, வாங்கிக் குடுத்த ஆளின்ர குலப்பேரை அவன் எடுப்பான். விவிலியத்தில சின்னப்பரை, அதாவது பவுலை, சிறையில வச்சிருந்த ஆளுநர் பெலிக்ஸ் வாறார் தெரியும்தானே, அவர் விடுதலையான அடிமை, ரோம வரலாற்றாசிரியர் தாசித்துஸ் அவரை அந்தோனியுஸ் பெலிக்ஸ் எண்டு எழுதுறார். இப்பிடிக் கை மாறி மாறி, ஒரு பெரிய வீட்டின்ர பேர் சாதாரண சனத்தின்ர பேரா வந்தது. மூண்டாம் நூற்றாண்டில எகிப்தில ஒரு விவசாயக் குடும்பத்துப் பெடியனுக்கு அந்தப் பேர் இருக்கிற அளவுக்கு.

அந்தப் பெடியன்தான் வனத்து அந்தோனியார். ஏறக்குறைய 251ல பிறந்து 356ல இறந்தவர். தாய் தேப்பன் விட்டுட்டுப் போன காணியை எல்லாம் குடுத்துப்போட்டு வனாந்தரத்துக்குப் போய்த் தவம் இருந்தவர். அவற்ற வாழ்க்கையை அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியார் எழுதினார், அது லத்தீனிலயும் வந்து மேற்கு முழுக்கப் பரவினது, அதோட பேரும் பரவினது. மார்க் அன்ரனி தோத்த அதே எகிப்தில இருந்து அந்தப் பேர் ஒரு துறவியின்ர பேராத் திரும்பி ரோமுக்கு வந்தது எண்டதை நினைக்க எனக்கு இண்டைக்கும் மயிர் கூச்செறியும்.

அப்பாவுக்கு இப்பிடிச் சொல்லுங்கோ: சொற்பொருள் தொலைஞ்சுபோன பேர், தொலைஞ்சதுக்கு வேற ஆரும் போலிப்பொருள் ஒட்டினா அதை ஏற்க வேண்டாம். அந்தப் பேரைத் தாங்கின ஆக்களின்ர வரலாறு இருக்கு, அது கையில பிடிச்சுக் காட்டக்கூடியது.


ஹட்டன்_ஊர்க்காரி எழுதியது:

மேல உள்ள அண்ணன் நல்லா எழுதியிருக்காங்க, நான் கொஞ்சம் சேர்த்துச் சொல்றேன். நாங்க மலையகம், இப்ப வேலைக்காக மட்டக்குளியில இருக்கோம்.

எங்க பக்கம் இந்தப் பேரு அந்தோணிசாமி, அந்தோணியம்மா, அந்தோணிமுத்துன்னு வரும். எங்க தாத்தா ஊரு தமிழ்நாட்டுப் பக்கம், அங்க ஜனவரி 17 வனத்து அந்தோணியார் திருநாளுக்கு பொங்கல் வைப்பாங்க, மாடு கன்னு எல்லாம் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய் மந்திரிப்பாங்க, ஏன்னா அவரு வீட்டு மிருகங்களுக்குப் பாதுகாவலர். மாட்டுப் பொங்கல் முடிஞ்ச கையோட இதுவும் வரும், அதனால அங்க சனத்துக்கு ரெண்டும் ஒரே திருவிழாக் காலம். எகிப்துல வனாந்தரத்துல இருந்த ஒருத்தருக்கு தைமாசத்துல புதுப்பானையில பொங்கி வைக்கிறாங்கன்னா அந்தப் பேரு எவ்வளவு தூரம் நம்ம பேரா ஆயிருச்சுன்னு உங்க அப்பாகிட்ட சொல்லுங்கக்கா.

இன்னொரு விஷயம். பழைய சாமியார்மாரு சில புனிதர்களோட பேரைத் தமிழாக்கி வச்சாங்க இல்லையா, பவுல்னா லத்தீன்ல சின்னவர், அதனால சின்னப்பர். ஸ்தேவான்னா கிரேக்கத்துல கிரீடம், அதனால முடியப்பர். ஆனா அந்தோணியாருக்கு அப்படி ஒரு தமிழ்ப் பேரு வரல, ஒலியை அப்படியே வச்சு ஆர் போட்டுட்டாங்க. பொருள் கிடைக்கலன்னதும் அவங்க புதுசா ஒண்ணு கட்டிவிடாம விட்டதுதான் சரின்னு எனக்குப் படுது.

அதோட பொருள் தெரிஞ்ச பேரெல்லாம் நல்ல பொருளாவா இருக்கு. கிளாவுதியான்னா நொண்டிங்கிற சொல்லுல இருந்து வந்தது, சிசிலியான்னா பார்வை இல்லாததுங்கிற சொல்லுல இருந்து வந்தது, எங்க லயத்துலயே சிசிலியா அக்கா ரெண்டு பேரு இருந்தாங்க, அந்தப் பேரைச் சொன்னா பாட்டுக்குப் பாதுகாவலியான புனிதைதான் எல்லாருக்கும் ஞாபகம் வருவாங்க. நம்மாளுங்களும் முந்தி பிள்ளை தங்காம செத்துச் செத்துப் போனா அடுத்த பிள்ளைக்கு குப்பம்மா, பிச்சைன்னு வச்சாங்க, கண்ணு படக்கூடாது, சாவு எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னு. அந்தப் பேருக்குள்ள இருந்த தாயோட பயமும் ஆசையும் எந்த அகராதியிலயும் இருக்காது. உங்க மாமி வச்ச நேர்த்தியும் அந்த வகைதான்னு எனக்குத் தோணுது, அதை அப்பாகிட்ட எடுத்துச் சொல்லலாம்.


ஹம்டன்லேன்_பிள்ளை எழுதியது:

எல்லாருக்கும் கோடி நன்றி. அப்பாவுக்கு முழுக்க வாசிச்சுக் காட்டினன். இளைய அந்தோனியாவின்ர கதையை ரெண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னவர், அம்மாவும் மார்க்குஸ் தடைக் கதையைக் கேட்டிட்டு ஆறுதலா இருக்கிறா.

அப்பா இன்னொண்டு கேக்கச் சொன்னவர். கொச்சிக்கடை அந்தோனியார் போர்த்துக்கல்காரர் எண்டு சொல்லீனம், வனத்து அந்தோனியார் எகிப்து எண்டு சொல்லீனம், அப்ப ரெண்டு பேரும் வேற வேற ஆளா? பிள்ளைக்கு ஆரின்ர பேர் வருது? மற்றது, பதிவில எப்பிடி எழுதிறது எண்டும் ஒரு குழப்பம், நான் அன்ரோனியா எண்டு எழுதிறன், அவர் அன்டோனியா எண்டு எழுதிறார், கோயில்ல அந்தோனியா எண்டு சொல்லீனம்.


பழம்பேர்_தேடி எழுதியது:

ரெண்டு பேரும் வேற வேற ஆக்கள், நடுவில கிட்டத்தட்ட ஆயிரம் வருசம். ஆனா ஒருத்தற்ற பேர்தான் மற்றவருக்கு வந்தது, அந்தக் கதை கொழும்பு ஆக்களுக்கு விசேசமானது.

கொச்சிக்கடையில இருக்கிற பதுவை அந்தோனியார் 1195ல லிஸ்பனில பிறந்தவர். ஞானஸ்நானப் பேர் அந்தோனியோ இல்ல, பெர்னாண்டோ! ஓம், நீர்கொழும்பில இருந்து கொழும்பு வரைக்கும் எந்தத் தெருவுக்குப் போனாலும் இருக்கிற அதே பெர்னாண்டோ, எங்கட ஆக்கள் பர்னாந்து எண்டு எழுதிற அதே பேர். அது ரோமப் பேரில்ல, ஸ்பெயின் போர்த்துக்கல் பக்கத்தை ஒரு காலம் ஆண்ட விசிகோத் எண்ட ஜெர்மானிய சனத்தோட வந்த பேர். அவர் முதல்ல அகுஸ்தீன் சபையில குருவா இருந்தவர். 1220ல மொறோக்கோவில கொல்லப்பட்ட பிரான்சிஸ்கன் துறவிகள் அஞ்சு பேரின்ர உடல் கோயிம்பிரா நகரத்துக்குக் கொண்டு வரப்பட்டது, அதைப் பார்த்து மனம் மாறி அந்தச் சபையில சேர்ந்தார். அங்க அவை இருந்த சின்ன மடம் வனத்து அந்தோனியார் பேரில இருந்தது. அந்தப் பேரையே தனக்கும் எடுத்துக்கொண்டார்.

பிறகு இத்தாலியில பிரசங்கம் செய்து, பதுவை நகரத்துக்குக் கிட்ட 1231ல இறந்தார், ஒரு வருசம் கூட ஆக முன்னம் 1232 மே மாசம் புனிதர் பட்டம் குடுத்திட்டினம். 1263ல கல்லறையைத் திறக்கேக்க நாக்கு மட்டும் அழியாம இருந்தது எண்டு சொல்லுவினம், அவ்வளவு நல்ல பிரசங்கி. காணாமப் போன பொருளுக்கு மண்டாடுறதும் இவரைத்தான். போர்த்துக்கேயர் 1505ல இங்க வந்தவை, அவையின்ர சொந்த ஊர்ப் புனிதர் இவர், அதால அவை போன கரை எல்லாம் இவரும் போனார். கச்சதீவுக் கோயிலும் இவருக்குத்தான், ரெண்டு பக்க மீனவரும் தவக்காலத்தில அங்க கூடுறவை. அமெரிக்காவில சான் அந்தோனியோ நகரமும் இவர்தான், ஸ்பானியர் 1691 ஜூன் 13 இவற்ற திருநாள் அண்டைக்கு அந்த இடத்துக்குப் போனதால வச்ச பேர்.

பிள்ளைக்கு வாறது பதுவை அந்தோனியாரின்ர பேர், மாமி நேர்ந்தது அவருக்கு. ஆனா அவரே வாங்கி வச்சிருந்த பேர் எண்டதால மூத்தவரும் பின்னால நிக்கிறார். ஜூன் 13 பெயர்த்திருநாளாக் கொண்டாடுங்கோ.

மாமிக்கு இன்னுமொண்டு சொல்லுங்கோ, அவவுக்குப் பிடிக்கும். எருசலேம் கோயிலுக்குப் பக்கத்தில ஏரோது கட்டின கோட்டைக்கு அந்தோனியா எண்டுதான் பேர், மார்க் அன்ரனியின்ர தயவில இருந்தவர் எண்டபடியால வச்சது. அங்க சிலுவைப்பாதை போற ஆக்கள் முதலாம் நிலையைத் தொடங்கிறது அந்தக் கோட்டை இருந்த இடம் எண்டு மரபாச் சொல்ற இடத்திலதான்.


மட்டக்குளி_டீச்சர் எழுதியது:

பெயர் எழுதுற விஷயத்துக்கு நான் சொல்றன், பள்ளிக்கூடத்துல பிள்ளைகளோட பெயரைப் பதிஞ்சு பதிஞ்சு பார்த்த அனுபவம்.

அன்ரோனியா என்டு நீங்க எழுதுறது யாழ்ப்பாண வழக்கம், டகரம் வர்ற இடத்துல ரகரம் போடுறது, அன்ரி, அன்ரனி மாதிரி. யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு அதை வாசிக்கிறப்ப சரியா வரும், ஆனா கொழும்புலயோ மலையகத்துலயோ வளர்ந்த ஒரு ஆசிரியர் அதை எழுத்துக்கு எழுத்து ரகரமா வாசிச்சுடுவாங்க, பிள்ளை ஒவ்வொரு வகுப்புலயும் திருத்த வேண்டி வரும். சிங்களத்துல எழுதுற ஒரு ஆள் உங்க தமிழைப் பார்த்து எழுதினா அங்கயும் ரகரம் வந்துரும். அன்டோனியா இங்கிலீஷ் உச்சரிப்பு, பிழையில்ல. ஆனா எனக்குக் கேட்டா அந்தோனியா என்டு தமிழ்ல பதியுங்க. அது போர்த்துக்கேயக் காலத்துல இருந்து நம்ம வாயில இருக்கிற உருவம், அந்தோனியார் என்ட பேரோட நேரா ஒட்டுது, சிங்களத்துலயும் அந்தோனி என்டுதான் சொல்றாங்க, அதனால ரெண்டு மொழியிலயும் ஒரே மாதிரி வரும்.

இங்கிலீஷ்ல எழுதுறப்ப எச் போடாதீங்க. அந்தோனியாவைப் பெரும்பாலும் எச் இல்லாமத்தான் எழுதுறாங்க, மேல அந்த அண்ணா சொன்ன பூக் கதையால ஆம்பிளைப் பெயருக்கு வந்து ஒட்டினது அது. ஒருக்கா பிறப்புச் சான்றிதழ்ல ஒரு மாதிரியும் ஞானஸ்நானச் சான்றிதழ்ல இன்னொரு மாதிரியும் விழுந்துட்டா, பிறகு பள்ளிக்கூட அனுமதி, அடையாள அட்டை, பாஸ்போர்ட் என்டு ஒவ்வொரு இடத்துலயும் சத்தியக் கடதாசி குடுக்க வேண்டி வரும். அதனால பதியப் போறதுக்கு முன்னால மூணு மொழியிலயும் ஒரு தாள்ல எழுதி, அதையே ரெண்டு இடத்துக்கும் குடுங்க.

அப்பாவுக்கும் ஆசை இருக்கும்தானே, இரண்டாவது பெயரை அவரையே அகராதி பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்க. எங்க பள்ளிக்கூடத்துல அந்தோனியா யாழினி, மரிய தமிழ்ச்செல்வி மாதிரி எத்தனையோ பிள்ளைகள் இருக்காங்க.


ஹம்டன்லேன்_பிள்ளை எழுதியது:

நன்றி டீச்சர், தாள்ல எழுதியாச்சு, தமிழில அந்தோனியா, இங்கிலீசில எச் இல்லாம. சிங்களத்தில அவற்ற சிநேகிதர் ஒருத்தர் எழுதித் தந்திட்டார். பெர்னாண்டோ விசயத்தைக் கேட்டிட்டு மாமி, தன்ர தாய்வழி முழுக்க பர்னாந்துதான் எண்டு இருந்த பழைய படங்கள் எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு வந்திட்டா, அப்பாவும் அவவும் இப்ப அதைத்தான் பார்த்துக்கொண்டு இருக்கினம். ரெண்டாம் பேருக்கு அப்பா மூண்டு பேர் எழுதி வச்சிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் இருந்து முடிவெடுக்கிறதா இருக்கிறம்.